ஏழு நிமிட மௌனத்துக்கு உரிமையாளர்

அந்த அறை பத்தடிக்கு எட்டடி. உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மைக், சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம். இன்று வானொலியும் தொலைக்காட்சியுமாக ஆறு மாடிக் கட்டடத்தில் அமர்ந்திருக்கும் வட்டார ஒலிபரப்பு நிறுவனம், ஐம்பது வருடங்களுக்கு முன் அந்த அறையிலிருந்துதான் வாய் திறந்தது. அந்த முதல் காலையில் தாமும் அதற்குள் இருந்ததாகச் சொல்பவர்கள், நேற்று மாலை நிலவரப்படி, நாற்பத்து மூன்று பேர்.

இந்த இனத்துக்கு முதல்நாள்காரர் என்று பெயர். வங்கியில் இருக்கிறார், பள்ளியில் இருக்கிறார், ஆஸ்பத்திரியிலும் இருக்கிறார். ஆனால் அவர் கொழுகொழுவென்று வளர்வது ஒலிபரப்பில்தான். காற்றில் போனதற்கு யார் சாட்சி? போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் டேப்புக்குத் தட்டுப்பாடு. முதல் நாள் டேப்பை யாரோ புண்ணியவான் அழித்து, அதன் மேலேயே வானிலை அறிக்கையைப் பதிந்துவிட்டார். அதனால் நிறுவனத்தின் பிறப்பைத் தேடிப் போனால், கடலோரப் பகுதிகளில் லேசான மேகமூட்டம் என்றுதான் கேட்கும்.

நம்முடையவர் டேப் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் 'முதல்நாள் சார்' என்பார்கள். லிஃப்டில் ஏறினால் "அப்பல்லாம் லிஃப்ட் ஏது?" என்பார். படியில் ஏறினால் "அப்ப மாடியே ஏது?" என்பார். வீட்டில் தொலைக்காட்சி செய்தி ஓடினால், வாசிப்பவர் மூச்சு விடும் இடைவெளியில் "இந்தப் பொண்ணு உக்காந்திருக்குற எடத்துலதான் நாங்க சைக்கிள் நிறுத்துவோம்" என்பார். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் வரிசையில் நிற்கும் அந்நியரைத் தோளில் தட்டி, கண்ணை மூடி, தொண்டையைக் கனைத்து, "வணக்கம் நேயர்களே... அந்த மொத வார்த்தை வெளிய போனப்ப, என் கை இப்பிடி நடுங்குச்சு சார்" என்று நடுக்கிக் காட்டுவார். ஐஸ்கிரீம் சிந்தும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு டேப்பைக்கூடத் தொலைக்காதவர் அவர். அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அதில் என்ன சுவாரசியம்?

நிறுவனத்துக்கு ஐம்பது வயது ஆனது. வரலாற்று நூல் எழுதச் சொல்லி, செய்திப் பிரிவு ஆசிரியையிடம் பொறுப்பைத் தள்ளினார் இயக்குநர். முதல் பக்கத்தில் முதல் நாள் அறையில் இருந்தவர்களின் பெயர், விழா மேடையில் அவர்களுக்கு நாற்காலி. அறிவிப்பு ஒட்டிய மறுநாளே வரிசை நின்றது. ஆசிரியை பெயர்களை எழுதினாள், எண்ணினாள், அறையின் அளவைப் பெருக்கிப் பார்த்தாள்.

"சார், ஆளுக்கு ரெண்டு சதுர அடிகூட வரலையே?"

"அப்பல்லாம் நாங்க ஒல்லிம்மா" என்றார் முதல்நாள் சார்.

முன்வரிசையில் உட்கார அவருடைய சம்பந்தி குடும்பம் புதுச்சட்டை தைக்கக் கொடுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்தா அது கிடைக்க வேண்டும்?

அது என்பது பணிப் பதிவேடு. பழைய இயந்திரத்தை அருங்காட்சியகத்துக்கு நகர்த்தியபோது அதன் அடியிலிருந்து வந்தது. ஆசிரியை எல்லோரையும் கூட்டி வைத்து உரக்க வாசித்தாள்.

"காலை ஆறு மணி, ஒலிபரப்பு தொடக்கம். ஆறிலிருந்து ஆறு ஏழு வரை மைக்கின் குமிழ் திருப்பப்படவில்லை. நேயர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. காரணம், அறையில் இருந்தவரின் ஞாபக மறதி."

கையெழுத்து இருந்தது. நத்தை ஊர்ந்த தடம்போல இருந்தது. யாருடையது என்று நத்தைக்குத்தான் தெரியும்.

ஆக, வரவேற்புரை, வாழ்த்துரை, ஐம்பது வருடமாக அத்தனை பேரையும் அழவைத்த அந்த முதல் வணக்கம், எல்லாம் நான்கு சுவர்களுக்கு மட்டுமே ஒலிபரப்பாகியிருக்கின்றன.

"சரி, இப்ப சொல்லுங்க. அறையில யார் யார் இருந்தீங்க?"

கூட்டம் கலைந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

"நான் வண்டியில இருந்தேன்மா" என்றார் பழைய ஓட்டுநர். "வண்டி தெருவுல இருந்துச்சு. தெரு ரொம்ப தள்ளி."

"எனக்கு அன்னைக்குத் தொண்டக்கட்டு. வீட்ட விட்டே வரல" என்றார் பாடகர். நேற்றுவரை முதல் பாட்டு அவருடையதுதான்.

முதல்நாள் சார் மட்டும் பேயறைந்தவர்போல நின்றார். பிறகு வீட்டுக்கு நடந்தார். வழியில் மூன்று பேர் வணக்கம் சொன்னார்கள். ஒருவரிடம்கூட அந்தக் காலத்தைப் பற்றிப் பேசவில்லை. மூவரும் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அவர் மனைவிக்குப் போன் செய்தார்கள்.

"என்னங்க ஆச்சு?"

"அந்த டேப்ப அழிச்சது நான்தான்."

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"வேலைக்குச் சேந்த அன்னைக்கு ஒரு டேப்பக் குடுத்தாங்க. 'காலியா இருக்கான்னு கேட்டுட்டுப் பதிவுக்கு அனுப்பு'ன்னாங்க. போட்டுக் கேட்டேன். ஒண்ணுமில்ல. ரெண்டு நிமிசம் கேட்டேன், மூணு நிமிசம் கேட்டேன். காலி டேப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன். மேல வானிலைய ஏத்திட்டாங்க. இன்னும் நாலு நிமிசம் பொறுத்திருந்தா நிலையத்தோட மொத வார்த்த கேட்டிருக்கும்டி!"

"அப்ப நடந்தத அப்பிடியே போய்ச் சொல்லுங்க. அந்தச் சத்தமில்லாததக் கேட்டது நீங்க ஒருத்தர்தானே? நிஜமாவே நீங்க வரலாத்துல இருக்கீங்க."

"எந்த நாள்ல? நாப்பத்தொண்ணாவது நாள்ல! நாப்பத்தொண்ணாவது நாள எவன் மேடையில ஏத்துவான்?"

"மொத நாள் நீங்க எங்கப்பா கடையில துணி அளந்துட்டிருந்தீங்க. எனக்கு அரை மீட்டர் கம்மியா வெட்டிக் குடுத்தீங்க."

"அது சாயங்காலம்."

"காலையில."

"காலையில ஆறு மணிக்கு எவன் கடை தொறப்பான்?"

"எங்கப்பா தொறப்பார்."

அவர் யோசித்தார். ஒரு பக்கம், தாம் செய்த தவறு. உண்மை, ஆனால் தேதி சரியில்லை. இன்னொரு பக்கம், தாம் செய்யாத தவறு. பொய், ஆனால் தேதி பிரமாதம். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. அவர் மறுநாள் காலை சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு ஆசிரியையின் மேசை முன் போய் நின்றார்.

"குமிழத் திருப்ப மறந்தது நான்தாம்மா. எழுதிக்கோங்க."

ஆசிரியை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவருடைய நியமன உத்தரவு. தேதி பளிச்சென்று தெரிந்தது.

"நாப்பது நாள் கழிச்சுச் சேந்திருக்கீங்களே சார்?"

"ஆர்டர் அப்பத்தான் வந்துச்சு. ஆள் முன்னாடியே வந்துட்டேன்."

அவள் வெகுநேரம் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு நேர்மையான பத்திரிகைக்காரியாக, "ஏழு நிமிட மௌனத்துக்குப் பொறுப்பேற்க முன்வந்த ஒரே நபர்" என்று எழுதினாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

வாசித்த இயக்குநர் துள்ளி எழுந்தார். "அருமை! இதையே விழாவுல வெச்சுருவோம். அதே மேசை, அதே மைக், அதே ஆள். ஏழு நிமிசம் மௌனம், நேரலை! உலகத்துலயே எந்த நிலையமும் செஞ்சிருக்காது!"

எந்த நிலையமும் ஏன் செய்யவில்லை என்று அவர் யோசிக்கவில்லை. செய்தி மாடி மாடியாகப் பரவியது. மத்தியானத்துக்குள் வரிசை மறுபடி நின்றது. "மறந்தது நான்மா, வெக்கப்பட்டுச் சொல்லல" என்றார் பாடகர். "வண்டிய நிறுத்திட்டு உள்ள வந்து, 'குமிழத் தொடாதீங்க'ன்னு சொன்னதே நான்" என்றார் ஓட்டுநர். இப்போது ஞாபக மறதிக்கு மட்டும் உரிமை கோரியவர்கள் பதினேழு பேர். மறந்தது எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது.

ஆசிரியை ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஏழு நிமிடம் வாய் திறக்காமல் உட்கார முடிந்தவருக்கே மேடையும் முதல் பக்கமும். முதல் உரிமை முதல்நாள் சாருக்கு. அவரால் முடியாவிட்டால் அடுத்தவர்.

ஏழு நிமிடம் என்ன பெரிய ஏழு நிமிடம் என்கிறீர்களா? முதல் ஒத்திகையில் நாற்பதாவது விநாடியில், "அப்ப இந்த நாற்காலிக்குக் கை கிடையாது" என்றார். இரண்டாவதில் ஒரு நிமிடம் தாக்குப்பிடித்து, "நான் பேசலங்கறத மட்டும் சொல்லிடறேன்" என்றார். மூன்றாவதில் உதட்டை உள்ளே மடித்து, முகம் சிவந்து, கண் பிதுங்கி, இரண்டு நிமிடத்தைத் தொட்டார். கேமராக்காரர் பயந்துபோய் விளக்கை அணைத்தார்; உடனே சார், "அப்பல்லாம் கரண்ட் அடிக்கடி போகும்" என்றார். அடுத்து ஓட்டுநர் உட்கார்ந்தார். ஏழு நிமிடம் ஆடவில்லை, அசையவில்லை. தூங்கிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. தூங்கக் கூடாது என்று நிபந்தனையில் இல்லை.

அன்றிலிருந்து முதல்நாள் சார் வீட்டில் கடிகாரத்தை எதிரில் வைத்துப் பயிற்சி செய்கிறார். மனைவிக்கு இவ்வளவு நிம்மதியான வாரம் வாழ்க்கையில் அமைந்ததில்லை. வேண்டுமென்றே, "அன்னைக்கு யாருங்க அந்த அறிவிப்பாளர்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். உள்ளிருந்து முனகல் மட்டும் கேட்கிறது. நேற்று ஐந்து நிமிடம் இருபது விநாடி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த நிகழ்ச்சியை நீங்களும் வீட்டில், பல் துலக்கிக்கொண்டே, பாதி பார்ப்பீர்கள். பத்து வருடம் கழித்து யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "அட, நான் அன்னைக்கு அந்த ஸ்டுடியோவுலயே இருந்தேனே! அவர் மூச்சுவிட்ட சத்தம்கூட எனக்குக் கேட்டுச்சு" என்று தொண்டையைக் கனைப்பீர்கள். கேட்பவரின் கையில் ஐஸ்கிரீம் இருந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

நேரலை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது. ஓட்டுநரை ஒன்பதரைக்கே வந்து, மேடைக்குப் பின்னால் தயாராக உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.