ஆறு தையல் வெட்டும் ஒரு தட்டு முந்திரிக்கொத்தும்

இரணியல்,
திங்கட்கிழமை

தோவாளை அத்தான் கிருஷ்ணமணி அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் வள்ளிநாயகம் பணிவன்புடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். என் நெற்றி மட்டும் கொஞ்சம் எரிகிறது. அங்கு நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் அக்கா பாதியிலேயே பிடுங்கி என்னை ஏசுவாள் என்பதால் கடிதம்.

நீங்கள் பார்த்துத் தந்த நல்ல சம்பந்தம் என் தலையால் கெட்டுவிடும் போலிருக்கிறது அத்தான். நம் ஹரிதா சினிமாவுக்குக் காயம் போடுகிறவள். வெட்டு, குத்து, தீப்புண், அழுகின பிணம், எல்லாம் செய்வாள். மாப்பிள்ளை வீட்டாரிடமோ 'பெண் கல்யாண மேக்கப் போடுகிறாள்' என்று நீங்கள் சொல்லி வைத்தீர்கள், நானும் தலையாட்டினேன். நேற்று அவர்கள் ஆறு மணிக்குமேல் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. மத்தியானம் இவளுக்கு டைரக்டரிடமிருந்து அவசர போன். அரிவாள் வெட்டு ஒன்று மாதிரிக்குச் செய்து படம் அனுப்ப வேண்டுமாம், வெட்டு வாங்குகிற நடிகருக்கு என்னைப் போலவே ஏறுநெற்றியாம். "அப்பா, அசையாம இரிங்கோ, கொஞ்ச நேரமாக்கும்" என்று உட்கார வைத்தாள். சிலிக்கான் தோலைப் பசை போட்டு ஒட்டி, ஓரத்தைத் தடவித் தடவி என் தோலோடு சேர்த்து, சீனிப்பாகில் சிவப்புக் கலந்து ரத்தம் ஊற்றினாள். நடிகர் வாயில் பட்டாலும் கெடுதல் வரக்கூடாது என்றுதான் சீனிப்பாகாம். கண்ணாடியில் பார்த்தேன், என்மேல் எனக்கே இரக்கம் வந்துவிட்டது.

அந்த நேரம் வாசலில் கார். ராகு காலத்துக்கு முன்னே வந்துவிடலாம் என்று மாப்பிள்ளையின் அம்மை பிச்சம்மாள் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள். கரைக்காமல் பிய்த்தால் புருவமும் கூடவே வரும் என்று சொல்லிவிட்டு ஹரிதா புடவை மாற்ற ஓடினாள். நான் தலையில் துவர்த்துத் துண்டைச் சுற்றிக் கட்டி, குளிமுறியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி, அவர்கள் எதிரே உட்கார்ந்தேன். மேசையில் என் வீட்டுக்காரி பகவதி சுட்ட முந்திரிக்கொத்து ஒரு தட்டு. கொஞ்ச நேரத்தில் சன்னல் வழியாக எறும்பு வந்தது அத்தான். வந்த எறும்பு முந்திரிக்கொத்தை ஏறிட்டும் பாராமல், என் தோளேறி நேரே தலைக்குப் போனது.

பிச்சம்மாள் மூக்கில் விரல் வைத்தாள். "சிவனே! பலகாரத்த விட்டுட்டு ரத்தத்துக்குல்லா எறும்பு வருகு! உங்களுக்கு சுகர் எம்புட்டு? குடும்பத்தோட உள்ளதா? பிள்ளைக்கும் உண்டா?"

உண்டு என்றால் சம்பந்தம் போச்சு. இது பொய் ரத்தம் என்றால் உங்கள் பொய்யும் போச்சு. நான் நெளிந்தேன், எறும்பு கடித்ததும் ஒரு காரணம். மாப்பிள்ளை அனில்குமார் மஸ்கட்டில் நர்ஸ் அல்லவா, எழுந்து வந்து துவர்த்தை அவிழ்த்தே விட்டான். பார்த்தவன் முகம் வெளுத்து, "அம்மா, எலும்புல்லா தெரியுது. ஆறு தையலு போடணும், கார எடுக்கச் சொல்லு" என்றான். அப்போதுதானா காப்பித் தட்டோடு ஹரிதா வர வேண்டும்? குனிய வேண்டிய தலை நிமிர்ந்து, முகமெல்லாம் பல்லாக, "எலும்பு நெசம்போல இருக்கா? ஆறு தையலா? நான் நாலுன்னுல்லா நெனச்சேன்!" என்றாள். காப்பியை வைத்துவிட்டு, எண்ணெய் தொட்டு என் வெட்டை ஓரத்திலிருந்து உரித்து, அவன் கையிலேயே கொடுத்தாள்.

பிச்சம்மாள் அதைக் கிள்ளிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், "போயிட்டு தகவல் சொல்லுகோம்" என்று எழுந்துவிட்டாள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் நமக்குத் தெரியாததா? இவளோ, "நர்ஸே நம்பிட்டாருப்பா" என்று வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஆகவே அத்தான், நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, மாமன் முறைக்கு அவளை நாலு ஏச்சு ஏசி இந்த வேலையை விடச் செய்யுங்கள். மாப்பிள்ளை வீட்டிலும் போய், இனிமேல் பெண் காயம் போடமாட்டாள் என்று வாக்குக் கொடுத்து வாருங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். சாஸ்தா நம் எல்லாரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
நெற்றி சிவந்த மைத்துனன்
வள்ளிநாயகம்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரம் பிச்சம்மாள் போன் செய்தாள். "அண்ணாச்சி, பிள்ளைய வேலைய விடச் சொல்லிராதீங்கோ. பையனுக்குப் பிடிச்சாச்சு, அந்த வெட்டக்கூட மஸ்கட்டுல காட்டணும்னு கேக்கான். பின்ன, அடுத்த மாசம் மயிலாடியில நாத்தனா வீட்டுக் கல்யாணம். இப்பமே வந்து அடுக்களையில நிக்கணுமாம். எனக்கு முழங்கால்ல நல்லதா ஒரு தீப்புண்ணு வேணும்." ஆகவே அத்தான், மேலே சொன்ன ஏச்செல்லாம் ரத்து, மருமகளை ஒரு சொல் சொல்லக்கூடாது. அக்கா கூப்பிடும் இடத்துக்கெல்லாம் போகாமலிருக்க உங்களுக்கும் ஒன்று வேண்டுமென்றால், காலை மழித்துக்கொண்டு வாருங்கள். உரிக்கும்போது மயிரோடு வருகிறது.