மூக்கன் வீட்டு ஜன்னலில் சிக்கிய முடி

அரியமங்கலம்
25-3-65

ஜீயபுரத்தில் வாழைத்தோப்பும் வழுக்கையுமாக வாழும் மச்சான் வேணுகோபால் அவர்களுக்கு, லேத்துப் பட்டறை மாத்ருபூதம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே என்னைத் தவிர எல்லாரும் சுகம். உங்கள் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடியின் சுகத்துக்கு எழுதவும்.

மச்சான், நான் மாட்டிக்கொண்ட கதையைப் படித்துச் சிரிக்காதீர்கள். சமயபுரத்தாளுக்கு முடி இறக்க ரெண்டு வருஷமாக வளர்த்து, இப்போது இடுப்பைத் தொடுகிறதே, அதுதான் எனக்கு எமன். விரதத்தில் பதினைந்து நாளாகக் கவுச்சி இல்லை. போன வாரம் பக்கத்து வீட்டு மூக்கன் வீட்டில் கெண்டை மீன் வறுத்தார்கள். வாசனை வந்து சட்டையைப் பிடித்து இழுத்தது. அடுப்படி ஜன்னலில் ஒரு கம்பி உடைந்திருந்தது, தலையை நுழைத்து, கையை நீட்டி நாலு துண்டு எடுத்தேன், அவ்வளவுதான் மச்சான், ஆத்தா மேல சத்தியம். அன்றைக்கென்று பார்த்து அந்த வீட்டு வெள்ளி விளக்கும் காணாமல் போய்விட்டது. போலீஸ் வந்தது, உடைந்த கம்பியில் ரெண்டு முழ முடி கிடைத்தது. முடியை முண்டாசுக்குள் மறைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவன் சும்மா இருக்கக்கூடாதா? "பொம்பளை வேலைதாங்க ஐயா, சீவிச் சிங்காரிச்சு வந்திருக்கா"ன்னு சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்காமல், அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பாப்பாயியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மூணு புள்ளைக்காரி.

அந்த முடி எங்கேன்னு ஏட்டையாவிடம் மெதுவாகக் கேட்டேன். "மெட்ராஸுக்கு அனுப்பியாச்சு. வேர்ல ஒட்டியிருக்கிற சதையப் பூதக்கண்ணாடியில பார்ப்பாங்க. பொம்பளைன்னா ஒரு புள்ளி தெரியும், ஆம்பளைக்குத் தெரியாது"ன்னார்.

"புள்ளி இல்லைன்னா?"

"அப்ப நீளமா முடி வச்சிருக்க ஆம்பளைய தேடுவோம். ஏன்யா உனக்கு இப்படி வேர்க்குது?"

அதிலிருந்து சோறு இறங்கலை மச்சான். என் முடியில் தப்பாகப் புள்ளி தெரிந்தால் பாப்பாயி உள்ளே, தெரியாட்டி நான் உள்ளே. இன்றைக்குப் பாப்பாயி புள்ளைங்க நம்ம வீட்டு வாசலில் வந்து, "மாமா, அம்மா எப்ப வரும்?"ன்னு கேட்டுச்சுங்க. எல்லாம் இந்தக் கேலி வாயால் வந்த வினை. முண்டாசை அவிழ்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகப்போகிறேன். விரதத்தில் மீன் தின்றது மட்டும் உங்கள் தங்கச்சி சகுந்தலாவுக்குத் தெரிய வேண்டாம். ஜெயிலை விட எனக்கு அவளிடம்தான் பயம்.

அத்தைக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசி, ஜெயிலுக்குப் போகிறவன் ஆசி பலிக்குமென்றால்.

இப்படிக்கு,
மாத்ருபூதம்

பி.கு. ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து எழுதுகிறேன். எல்லாத்தையும் ஒப்புக்கொண்டேன். "முடியில வேரே இல்ல, அறுந்த முடி, ஆணா பொண்ணான்னு சொல்ல முடியாதுன்னு மெட்ராஸ்லேர்ந்து எழுதிட்டாங்க. விளக்கு எடுத்தவன் காலைலயே ஆப்ட்டான். பாப்பாயி இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பா. உன்னை யாருய்யா வரச் சொன்னா?"ன்னு இன்ஸ்பெக்டர் கேட்கிறார். ஆனால் சொன்னதைச் சொன்னபடி எழுதி வாங்கிக்கொண்டார், நாலு துண்டு மீன் உட்பட. வீட்டு மனுஷர் ஒருத்தர் சாட்சி வேண்டுமென்று ஆள் அனுப்பினார்கள். எழுதியதை முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருக்கிறாள் உங்கள் தங்கச்சி. அடுத்த பஸ்ஸில் வாங்க மச்சான்.