எலுமிச்சை இலைமேல் ஈரத்துணிப் போர்

குலத்தில் முதன்முதலாய்ப் பட்டம் வென்று, வென்ற பின்னும் பாத்திரம் துலக்கும் கடமை நீங்காத கோபக்காரக் கோமகளே, நின் சீற்றம் பாடுதும்!

ஆறடிக்கு நான்கடி வாசற்பரப்பில் தந்தை ஆசையாய் விரித்திருந்த பிளாஸ்டிக் புல்லைப் பகைவர் கொடியெனச் சுருட்டி எறிந்து, அந்த மண்ணுக்குரிய செடிகளையே நட்டு, குருவிகளுக்கு நீர்ச்சட்டியும் வண்ணத்துப்பூச்சிகளுக்கு எலுமிச்சையும் ஈந்தாள் அவ்வள்ளல். அவ்வெலுமிச்சையின் இலைகளில், பறவை எச்சம்போலக் கறுப்பும் வெளுப்புமாய் உருமறைந்து பகைவரை ஏய்க்கும் மாயம் வல்ல பதினொரு புழுக்கள் அரசு வீற்றிருந்தன. ஒன்றாவது சிறகு விரித்துப் பறக்கக் கண்டாலன்றி ஓயேன் என்றிருந்தாள் அவள்.

மறுநாள் எஞ்சியவை ஏழு. அதற்கடுத்த நாள் மூன்று. கம்பி பிதுங்கிய குடையை வெண்கொற்றக் குடையெனக் கவித்து, விளக்குமாற்றை வேலென ஊன்றி, தான் விருந்துக்கு அழைத்த குருவிகளைத் தானே விரட்டும் இழிநிலைக்கும் துணிந்தாள். அவள் குளிக்கப் போன பத்து நிமிடத்தில் மேலும் இருவர் மாண்டனர். சொட்டும் தலையோடு ஓடிவந்தவள் கண்டது, ஈரத்துணி ஏந்திய அன்னையை.

"செடி பூரா எச்சம்டி. மூணு நாளா தொடச்சுத் தொடச்சுக் கை ஓஞ்சு போச்சு. டிகிரி வாங்குனவளுக்கு ஒரு செடியச் சுத்தமா வச்சுக்கத் தெரியல."

"அது எச்சம் இல்லம்மா, புழு."

"புழுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா மருந்து அடிச்சிருப்பேன்ல."

அண்டம் அதிர்ந்தது, அடுப்படியில் கரண்டி ஒன்று விழுந்தது. "கேளுங்கள்! எஞ்சிய ஒருவன் சிறகு விரிக்கும்வரை இச்செடியைத் துணியும் தீண்டாது, மருந்தும் தீண்டாது, அப்பாவின் சிகரெட் சாம்பலும் தீண்டாது!" என முழங்கினாள் வீராங்கனை.

நான்கு பகல் குடைநிழலில் காவல். தந்தை சுவரோரமாய் ஒதுங்கி நடந்தார். தோற்ற அன்னையோ தேநீர் கொண்டுவந்து, தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் இலையை எட்டிப் பார்த்துப் போனாள். இலையொன்றும் கடியாது, இம்மியும் அசையாது, ஐம்புலன் அடக்கி அருந்தவம் புரிந்தான் அக்கடைசி வீரன். ஐந்தாம் நாள், குடையை மீறிச் சாய்ந்தடித்தது தூறல். தவசீலன் மெல்லக் கரைந்து, இலைநுனி வழியே ஒழுகினான்.

அது குருவி எச்சம்.