ஜப்பான் நேரத்தில் எரிந்த தெருவிளக்கு

ஓர் ஊர் முன்னேற வேண்டுமென்றால் முதலில் அதன் கடிகாரம் முன்னேற வேண்டும். இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்தவர் திருவொற்றியூர்ப் பக்கம் எங்கள் தெருவிளக்குகளுக்குப் பொறுப்பான அதிகாரி செல்வநாதன். அரசுச் செலவில் ஜப்பானுக்குப் போய், ஹமானோசாகி என்ற துறைமுக ஊரைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே யாரும் கத்திப் பேசுவதில்லை, குப்பை போடுவதில்லை, வரிசையில் முண்டுவதில்லை. இங்கே மூன்றும் உண்டு, கூடவே கொசுவும் உண்டு. காரணம் என்ன? அவர்களுக்கு நமக்கு மூன்றரை மணி நேரம் முன்பே விடிந்துவிடுகிறது. நேரம் வந்தால் குணம் தானாக வரும் என்று முடிவு செய்தார்.

"மேற்படி ஊருடன் நல்லுறவைப் பேணும் பொருட்டு" எங்கள் தெருவிளக்குகள் ஜப்பான் நேரப்படி இயங்கலாயின. மத்தியானம் இரண்டரை மணிக்கு, வெயில் மண்டையைப் பிளக்கும்போது, எல்லா விளக்கும் எரியும். ராத்திரி அதே இரண்டரைக்கு அணைந்துவிடும். தெரு நாய்களுக்கு எப்போது குரைப்பது என்றே தெரியவில்லை.

செங்கொடி காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். ஏலத்துக்கு அவள் கிளம்பும் நேரமும் ஜப்பானில் விடியும் நேரமும் ஒன்று. கும்மிருட்டில், மூடியில்லாத கால்வாய்ப் பள்ளத்தில் கூடையோடு விழுந்தாள். முட்டி வீங்கிவிட்டது. இன்னொரு தடவை விழுந்தால் பிழைப்பே போய்விடும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அலுவலகத்துக்கு நொண்டிக்கொண்டு போனாள். ஜப்பானில் பத்தரை ஆயிற்றே.

"சார் வர்றது நம்ம டைமுக்கு" என்றார் வாட்ச்மேன் தேவப்பிரியம்.

மீனை விற்றுவிட்டு மத்தியானம் இரண்டு மணிக்குப் போனாள்.

"போறது ஜப்பான் டைமுக்கு. அங்க அஞ்சு மணி எப்பவோ ஆயிடுச்சு."

இரண்டு நேரத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒருநாள் செல்வநாதனைப் பிடித்தாள்.

"இன்னா சார், பட்டப்பகல்ல லைட்டு எரியுது, நாங்க மீனு எடுக்கப் போறப்ப அணைஞ்சிடுது. பள்ளத்துல வுழுந்து எழுந்து வந்துகீறேன்."

"நீங்க விழுந்தப்ப அங்க நல்லா விடிஞ்சுடுச்சும்மா. விடிஞ்சப்புறம் விழுந்தா அது உங்க கவனக்குறைவு."

"இங்க இருட்டாத்தான சார் கீது?"

"அது உங்க தனிப்பட்ட அபிப்பிராயம். ஹமானோசாகியில ஒருத்தராவது இருட்டா இருக்குன்னாங்களா?"

வீட்டுக்கு வந்து அழுதாள். அப்போதுதான் துபாயிலிருந்து தம்பி உதயா போன் செய்தான். இங்கே விடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அங்கே விடியும் என்றான். செங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மறுபடி செல்வநாதன் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஜப்பான் மட்டும்தான் ஊரா? எங்க தெருவுல பாதி வூட்டுக்குத் துபாய் துட்டுதான். அந்த டைமையும் மதிக்கணும்ல? லைட்டை ஜப்பான் டைமுக்குப் போடுங்க, துபாய் டைமுக்கு அணைங்க."

செல்வநாதனின் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு சர்வதேசப் பார்வையை அவர் கோட்டையில்கூடக் கண்டதில்லையாம். அன்றே ஆணை பிறந்தது. இரவு முழுக்க விளக்கு எரிந்தது, பகலில் பாதியும் எரிந்தது. செங்கொடி ஒரு முழு வஞ்சிரத்தோடு வந்து அவருக்கு மாலை போட்டாள். தெருவே திரண்டு கைதட்டியது.

விளக்கு வந்தாயிற்று, இனி பள்ளத்துக்கு மூடி கேட்கலாம் என்று அடுத்த வாரம் பத்தரை மணிக்குப் போனாள். அலுவலகம் பூட்டிக் கிடந்தது.

"இன்னா நைனா, இன்னும் வர்லியா?"

"துபாய்ல ஒம்போதுதான் ஆவுது. வர்றது துபாய் டைமு, போறது ஜப்பான் டைமு. புது ஆர்டர்."

"அநியாயமா கீதே. எந்த அறிவாளி குடுத்த ஐடியா இது?"

தேவப்பிரியம் வாசலில் தொங்கிய பேனரைக் காட்டினார். அதில் செங்கொடி மாலையும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நாங்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

பள்ளம் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் இப்போது எந்த நாட்டு நேரத்தில் பார்த்தாலும் மிக நன்றாகத் தெரிகிறது.