மணமக்கள் இரண்டு, தனித்தனியாக

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நெளுக்குளம் மயில்வாகனத்தார் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள் பின்வருமாறு: மேசையின் தலைப்பில், கைவைத்த கதிரையில், வீட்டுக்காரர் மயில்வாகனம். அவருக்கு வலப்பக்கம், நீள வாங்குப் பலகையில், சைக்கிள் கடைப் பழனியாண்டி. குசினி வாசலில், சுளகும் அரிசியுமாக, மனைவி நாகேஸ்வரி. சன்னலோரம் மகள் தாட்சாயினி. மேசை நடுவில், பழைய பேப்பரின் மேல், ஒரு மணமகனும் ஒரு மணமகளும்.

கடைசி இருவரும் நாலு அங்குல உயரம். உறைந்தால் கல்லாகிவிடும் றெசின் குழம்பை அச்சில் ஊற்றி வார்த்து, வர்ணம் பூசியவர்கள். தனித்தனியாக வந்த இவர்கள் இப்போது தோளோடு தோள் ஒட்டி நின்றதுதான் கூட்டத்துக்குக் காரணம்.

அனுப்பியவன் சுவிசில் இருக்கும் விதுசன். அங்கே இப்படிச் சின்ன உருவங்கள் வார்க்கும் பட்டறையில் வேலை. தாட்சாயினிக்குப் பேசிவரும் மாப்பிள்ளை. சாதகக் குறிப்புப் பொருந்தி, படமும் கைமாறி, இனி முடிவு சொல்லவேண்டியதுதான் என்ற நேரத்தில் பார்சல் வந்திருந்தது. கூடவே மயில்வாகனத்தாருக்கு ஒரு கடிதம்: ‘இவை என் கைவேலை. பார்த்துவிட்டு இரண்டையும் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள்.’

“பெடியன் எங்களைச் சோதிக்கிறான்,” என்றார் மயில்வாகனம். “குடுத்த சாமானைக் குடுத்தபடி திருப்பித் தாற ஆக்களோ எண்டு பாக்கிறான். பழுதாக்கி அனுப்பினால் சம்பந்தம் அதோட சரி. நீ ஏன் பிள்ளை இதுக்குக் கிட்ட சுப்பர் குளூவைக் கொண்டு போனனீ?”

“தோடு கழண்டு போச்சு அப்பா. ஒட்டேக்க சிந்திப்போட்டுது.”

“தோட்டில ஒரு சொட்டையும் காணேல்லை. மாப்பிள்ளையில அரைவாசி டியூப் நிக்குது.”

மயில்வாகனம் பன்னிரண்டு வருடம் விவசாயிகள் சங்கச் செயலாளராக இருந்தவர். முதலில் கடிதம், பிறகுதான் காரியம். ‘மணமக்கள் இரண்டு, வந்தபடியே தனித்தனியாகத் திருப்பி அனுப்பப்படுகின்றன’ என்று காபன் தாள் வைத்துப் பதில் எழுதி முடித்திருந்தார். இனி எழுதியதை உண்மையாக்க வேண்டும்.

“டியூப்ல போட்ட ஒட்டைக் கழட்டணும்னா நாங்க சூடு காட்டுவோமுங்க,” என்றார் பழனியாண்டி.

கொதிதண்ணீரில் ஐந்து நிமிடம் அமுக்கி எடுத்தார்கள். பசை அசையவில்லை. ஆனால் சூட்டில் இளகிய மாப்பிள்ளையின் வலக்கை மெல்லச் சரிந்து மணமகளின் இடுப்பைச் சுற்றிக்கொண்டது.

“இவ்வளவு நேரமும் சும்மா ஒட்டிக்கொண்டு நிண்டவை,” என்றார் நாகேஸ்வரி. “இப்ப கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கினம்.”

“கலியாணத்துக்கு முன்னமோ? நிமித்தும், பழனியாண்டி, கெதியா நிமித்தும்.”

பழனியாண்டி பதற்றத்தில் கொஞ்சம் கூடவே நிமிர்த்திவிட்டார். கை குளிர்ந்து இறுகியபோது, மாப்பிள்ளை வவுனியாச் சந்தியில் பஸ்ஸை மறிப்பவர் போல நின்றார். மயில்வாகனம் கடிதத்தைக் கிழித்து, கையைப் பற்றி ஒரு வரி சேர்த்துப் புதிதாக எழுதினார்.

திங்கட்கிழமை பக்கத்து வீட்டிலிருந்து நகத்துக் கியூட்டெக்ஸ் அழிக்கிற தண்ணீர் வந்தது. பஞ்சில் தொட்டுப் பொருத்தில் வைத்து, தூண்டில் நூலை உள்ளே விட்டு அறுத்தார்கள். இருவரும் பிரிந்தார்கள். கூடவே சேலையின் சிவப்பு அரைவாசியும், மாப்பிள்ளையின் மீசை முழுவதும் போயின.

“இந்த முகத்துக்குப் பொம்பிளை குடுக்கேலாது,” என்றார் நாகேஸ்வரி. “ஓ.எல். சோதினை எழுதப் போற பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி இருக்கிறான்.”

தாட்சாயினி கண்மையால் ஒரு மீசை வரைந்தாள். நேரமெடுத்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். பழையதைவிட எடுப்பாகவே வந்தது. கடிதத்தில் மீசைக்கும் ஒரு வரி ஏறியது.

செவ்வாய் காலை மயில்வாகனம் பார்த்தபோது இருவரும் மறுபடி ஒட்டியிருந்தார்கள். இந்தமுறை கன்னத்தோடு கன்னம்.

“ராத்திரி எட்ட எட்டப் பிரிச்சு வைச்சனான். இதென்ன, நடந்து திரியிற பசையோ?”

“உள்ளுக்க ஊறின மிச்சம் வெளிய வந்திருக்கும் அப்பா,” என்றாள் தாட்சாயினி, நிலத்தைப் பார்த்தபடி.

“இருக்குமுங்க,” என்று தலையைச் சொறிந்தார் பழனியாண்டி. “சூடு சரிவரலை, மருந்தும் சரிவரலை. இனிக் குளிர்தான். நல்லாக் குளிர்ந்தா இந்தப் பசை நொறுங்கிப் போகும்.”

அவர் ஐஸ் வாங்கச் சைக்கிளை எடுத்தபோது, தாட்சாயினி வாசல் படலைவரை கூடப் போய் அவரோடு கதைத்துவிட்டு வந்தாள்.

“என்ன சொல்லிவிட்டனீ?”

“பெரிய கட்டியா வாங்கச் சொன்னனான்.”

ஐஸை உடைத்து உப்புப் போட்டு, நடுவில் மணமக்களைப் பையில் சுற்றி இரண்டு மணித்தியாலம் புதைத்தார்கள். வெளியே எடுத்து, பழனியாண்டி இரண்டு விரலால் மெல்லத் திருகினார். டக்கென்று ஒரு சத்தம். வர்ணம் உரியவில்லை, கை வளையவில்லை. மயில்வாகனம் முதல்முறையாகச் சிரித்தார். மணமகளை அலுமாரியின் மேல்தட்டிலும் மணமகனைக் கீழ்த்தட்டிலும் வைத்துப் பூட்டித் திறப்பை மடியில் செருகினார்.

“கலியாண வீட்டிலயும் இப்பிடிக் காவல் இருக்கமாட்டினம்,” என்றார் நாகேஸ்வரி.

புதன்கிழமை மயில்வாகனமும் பழனியாண்டியும் வவுனியாத் தபாற்கந்தோருக்குப் போனார்கள். பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை மெத்தைபோல வைத்துப் பெட்டி கட்டும் பொறுப்பைப் பழனியாண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். மயில்வாகனம் எழுதும் பலகையடியில், முதுகைத் திருப்பி நின்று, கடிதத்துக்குக் கடைசி வரிகளைச் சேர்த்தார்: ‘கையும் மீசையும் எங்கள் பிழை. ஆயினும் மணமக்கள் இருவரும் முற்றாகப் பிரிந்துள்ளனர் என்பதை நானே மூன்று தரம் பரிசோதித்து உறுதிப்படுத்துகிறேன். மகள் இன்னும் தன் விருப்பத்தை வாய்திறந்து சொல்லவில்லை. சொன்னதும் அறியத் தருவேன்.’

கடித உறையை ஒட்டினார். முத்திரையை நாலு மூலையும் அமுக்கினார். அங்கே பார்சல் முத்திரை குத்தப்பட்டு உள்ளே போனது. இங்கே கடிதம் தபாற்பெட்டிக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கும்வரை காத்திருந்துவிட்டு, பழனியாண்டி தொண்டையைச் செருமினார்.

“கோவிச்சுக்காதீங்க ஐயா, சம்மதம்னா ஒட்டி அனுப்பு, இல்லாட்டிப் பிரிச்சு அனுப்புன்னு மாப்பிள்ளை பாப்பாவுக்குத் தனியா எழுதியிருந்தாராம்; அதனால பெட்டிக்குள்ள வைக்கிறப்ப நானே நல்லா ஒட்டித்தாங்க வச்சேன்.”