அப்பாவுக்கு லண்டனைக் கேட்க வைத்த கதை

ஒருமுறை ஷாக் அடித்தும் உயிரோடு எழுந்தவன், மறுநாளிலிருந்து தன்னை எலக்ட்ரீஷியன் என்று நினைத்துக்கொள்வான். எனக்கு இரண்டு முறை அடித்திருந்தது. அதனால் நான் என்னை இஞ்சினியர் என்றே நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜெலாப்பாங்கில் ஒரு பல்பு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை எனக்கு. (பல்பைத் தொட்டதுகூட இல்லை. இருந்தாலும் தோட்டத்தில், "தம்பி கரண்டு கம்பெனியில இருக்கான்" என்றுதான் பேச்சு.) வீடு லகாட் பக்கம், ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. அம்மா முன்பே போய்விட்டார். அப்பாவும் நானும்தான். அக்கா சரோஜா நர்ஸ் படிப்புக்காக லண்டன் போய்ப் பல வருஷமாகியிருந்தது.

தோட்டத்துக்கே ஒரு போன்தான். ஆபீசில் கணக்கு பார்க்கும் கிராணியாரின் மேஜையில் இருக்கும். தீபாவளி சாயங்காலம் அக்கா அதில் கூப்பிடுவாள். வரிசையில் முதல் ஆள் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை. "நர்ஸம்மாகிட்ட கேளு லா, மூட்டு வலிக்கு என்னா செய்யணும்னு." அக்கா, "வெந்நீர் ஒத்தடம்" என்பாள். இன்னொருவருக்கு இடுப்பு. வெந்நீர் ஒத்தடம். கிராணியாருக்கு நெஞ்செரிச்சல். அதற்கும் வெந்நீர்தான். (குடிக்கவா, ஒத்தடம் கொடுக்கவா என்று அவரும் கேட்கவில்லை.) கடைசியில்தான் ரிசீவர் அப்பா கைக்கு வரும். அப்பாவும் மகளும் பேசட்டும் என்று எல்லாரும் வெளியே போய்விடுவோம்.

அப்பாவுக்குக் காது கேட்காது. ரப்பர் ஸ்டோரில் ஷீட் அடிக்கும் மிஷின் தின்ற காது. பக்கத்தில் நின்று கத்தினால் பாதி புரியும், போனில் சுத்தம். ஆனாலும் ரிசீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சரிம்மா... சரிம்மா... நல்லா சாப்பிடும்மா" என்பார். அந்தப் பக்கம் அக்காவும் வெகுநேரம் பேசுவாள்.

"என்னாப்பா சொன்னிச்சு?"

"என்னாத்தக் கண்டேன்? ஆனா நெறைய பேசுச்சுடா."

ஒரு வருஷம் மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார். "பிள்ள கொரலு எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுடா."

எனக்குள் இருந்த இஞ்சினியர் எழுந்து உட்கார்ந்தான்.

திட்டம் சுலபம். ஆபீசும் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில். கோயிலில் மைக் செட் இருந்தது. போன் ரிசீவரைத் திறந்து, காதுப் பக்கத்திலிருந்து இரண்டு ஒயரை ஜன்னல் வழியாகக் கோயில் ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுபோவது. அங்கிருந்து இன்னொரு ஒயரைத் திருப்பிக் கொண்டுவந்து, அப்பாவின் நாற்காலி ஓரமாக ஒரு பெட்டி ஸ்பீக்கரை வைப்பது. லண்டனிலிருந்து வரும் பேச்சை அப்பாவின் காதுக்குத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதானே!

நான் ரிசீவரைத் திருகுவதைப் பார்த்துக் கிராணியார் பதறினார். "டேய், தொரை போனுடா அது! கெட்டுச்சுன்னா சூசா ஆயிடும் லா, என் வேலையே போயிடும்!"

"ஒண்ணும் ஆவாது ஐயா. நான் கரண்டு கம்பெனி."

"நீ பொட்டிதானேடா ஒட்டுற?"

தீபாவளியும் வந்தது. காலையிலிருந்து கோயில் தென்னை மரத்தில், லயத்தைப் பார்த்துக் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் பக்திப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பாட்டை நிறுத்தி, என் ஒயர்களை மாட்டினேன். குழாய் ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்ற வேண்டும் என்பது மட்டும் இஞ்சினியரின் மூளைக்கு எட்டவில்லை.

"இந்தத் தடவ அப்பாதான் மொதல்ல, அத்தை," என்று வரிசையைக் கலைத்தேன்.

"அதுவரைக்கும் என் மூட்டு தாங்கணுமேடா," என்று முனகிக்கொண்டே போனார் பாக்கியம் அத்தை.

போன் வந்தது. அக்காவுக்கும் அதிர்ச்சி கொடுக்கலாம் என்று ஒன்றும் சொல்லாமல், "அப்பாகிட்ட குடுக்குறேன்கா" என்றேன். ஒரு கையால் ரிசீவரின் வாய்ப் பக்கத்தைப் பொத்திக்கொண்டேன். (இல்லாவிட்டால் ஸ்பீக்கர் நாய் மாதிரி ஊளையிடும்.) மறு கையால், நிற்காமல் ஆடிக்கொண்டிருந்த ஒயரைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா," என்றது ஸ்பீக்கர்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். குரல் இரட்டையாகக் கேட்டது. லண்டன் தூரத்துக்கு எதிரொலி வராதா என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன்.

"ஒங்களுக்குக் கேக்காதுன்னு தெரியும்பா. அதான் வருசா வருசம் ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் நர்ஸு இல்லப்பா. பரீட்சையில பெயிலாயி ரொம்ப நாளாச்சு. ஆஸ்பத்திரி லாண்டரியில பெட்ஷீட் தொவைக்கிறேன். எல்லாரும் நர்ஸம்மா நர்ஸம்மாங்குறாங்க, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க வருவேன்? பாக்கியம் அத்தை மூட்டு வலிக்குக் கேக்குறப்பல்லாம் அழுகையா வருதுப்பா. வெந்நீர தவிர எனக்கு என்னா தெரியும்?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பாக்கியம் அத்தை முறுக்குத் தட்டோடு நடுவழியில் நின்றிருந்தார். லயமே வாசலுக்கு வந்து தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. எதிரொலி எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

ஒயரைப் பிடுங்கப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் குழாயைப் பற்றித் தெரியாது. மகள் பேசுகிறாள், கேட்கிறது; அவ்வளவுதான் தெரியும். நான் பிடுங்கவில்லை.

"ஏதாச்சும் சொல்லுங்கப்பா. ஒங்க கொரலு கேட்டா போதும்."

பொத்தியிருந்த கையை எடுத்தேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

"சரிம்மா... சரிம்மா... நல்லா சாப்பிடும்மா."

அக்கா சிரித்தாள். ஒன்றும் கேட்கவில்லை என்று நிம்மதியாகச் சிரித்தாள். போனை வைத்துவிட்டாள்.

"அப்படியே அவ அம்மா கொரலுடா," என்றார் அப்பா. அந்தப் போனைப் பற்றி அவர் சாகும்வரை பேசியது அது ஒன்றுதான்.

வெளியே வந்தேன். பாக்கியம் அத்தைக்குத் தோட்டத்தில் 'ரேடியோ' என்று பட்டம். நேராக அவரிடம்தான் போனேன்.

"அத்தை... ஏதாச்சும் கேட்டுச்சா?"

"என்னா செட்டு வச்ச நீ? கரகரன்னுதான் கேட்டுச்சு. ஒரு மண்ணும் புரியல." கண் சிவந்திருந்தது. முறுக்கு நமுத்துப்போகிறது என்று என் கையில் திணித்தார்.

"கரகரதான்," என்றார் கிராணியார். லயம் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். கரகரதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். அது மூடியதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா இறந்தபோது அக்கா வந்தாள். துக்க வீட்டில் யாரோ ஒருவர், "ஒன் தம்பி ஒரு தீபாவளிக்கு ஒன் போன மைக் செட்டுல மாட்டுனானே..." என்று ஆரம்பித்துவிட்டார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பாவுக்குக் கேட்டுச்சா?"

பாக்கியம் அத்தை முந்திக்கொண்டார். "எங்க கேட்டுச்சு! இவன் வச்ச செட்டு யாருக்கும் கேக்கல. கரகர கரகரன்னுச்சு. அத விடு. இந்த மூட்டுக்கு என்னாதான் செய்யலாம், நர்ஸம்மா?"

அக்கா அத்தையின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "வெந்நீர் ஒத்தடம் அத்தை," என்றாள். எழுந்துபோய் அவளே வெந்நீர் வைத்து எடுத்துவந்தாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஃபேன் நின்றாலும், டிவி படம் ஆடினாலும், "நீங்க தொடாதீங்க, கரகரன்னு கேக்கும்" என்று பேரப்பிள்ளைகள்வரை கேலி செய்வார்கள். அக்கா உயிரோடு இருந்தவரை அவளும் லண்டனிலிருந்து சேர்ந்துகொள்வாள். "ஒரு ஒயர ஒழுங்கா மாட்டத் தெரியாதவன்டா நீ!"

"ஆமாக்கா," என்பேன். "எனக்கு எங்க தெரியும்?"