உருப்படியான ஒரு வடிகூடை

அந்தப் பேச்சு காதில் விழுந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: பாலத்தார், அவருடைய மனைவி, அவருடைய தம்பி, தம்பி மனைவி. தம்பியை முழுதாகக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். வேறு எவரும் அங்கே இல்லை. இருந்ததாகவும் எல்லாவற்றையும் நேரில் பார்த்ததாகவும் இப்போது தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களுக்கு வீட்டில் வேலை இல்லை என்றுதான் அர்த்தம்.

பாலத்தார் என்பது பட்டப்பெயர். அவர் வாழ்நாள் முழுக்க ரயில் பாலங்களைச் சோதித்துச் சான்று கொடுத்தவர். அவர் கையெழுத்துப் போட்ட பாலம் எதுவும் இன்றுவரை அசைந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சாய்வு நாற்காலியில் சாயாமல் உட்காருகிற மனிதர்.

"சொல்லக் கூடாதுன்னுதான் நெனச்சேன், அத்தான்," என்று தம்பி மனைவி ஆரம்பித்தார்.

அப்படி ஆரம்பித்தால் முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். பாலத்தாரின் ஒரே மகளைக் கொடுத்திருக்கும் வீட்டுக்கு அவர் காலையில் போன் செய்திருக்கிறார். போனை எடுத்த சம்பந்தியம்மா, "ஒரு நிமிஷம்" என்று அதை மேஜைமேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் யாரிடமோ சத்தமாகப் பேசியிருக்கிறார். பேசியது இவர் காதில் விழுந்திருக்கிறது.

"அந்த வீட்ல ஒரு உருப்படியான வடிகூடைகூட இல்லன்னு சொன்னாங்க. என் காதால கேட்டேன்."

வடிகூடை என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வெந்த கிழங்கையும் கீரையையும் கொட்டி நீரை வடிக்கிற ஓட்டை போட்ட பாத்திரம், அவ்வளவுதான். ஆனால் சொன்னது யார், எந்த வீட்டைப் பற்றி என்று பார்க்க வேண்டும். பாலத்தாரின் முகம் சிவந்துவிட்டது.

"விடுங்க," என்றார் மனைவி, வழக்கத்தைவிட வேகமாக. "ஏதோ வாய் தவறிச் சொல்லியிருப்பாங்க. போய்க் கேட்டுக்கிட்டு இருக்காதீங்க."

"கேக்கப் போறதில்ல," என்றார் பாலத்தார். "காட்டப் போறேன்."

இந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அதுதான் முறை. அவமானப்படுத்தியவரிடம் போய், "அப்படிச் சொன்னீர்களா, ஏன் சொன்னீர்கள்" என்று இவர்கள் விசாரிப்பதில்லை. விசாரிப்பது என்றாலே பாதி இறங்கிப்போனதாக ஆகிவிடும். சொன்னவர் வாயடைத்துப் போகும்படி செய்து காட்டுவார்கள். பாலத்தார் அப்போதே சம்பந்திக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் வரவேண்டும் என்று அழைத்தார். காரணம் சொல்லவில்லை. சம்பந்தியும் கேட்கவில்லை. அவர் அதிகம் பேசாத மனிதர். போனில், "சரி, வர்றோம்" என்பதற்குமேல் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பிறகு பாலத்தார் சமையலறைக்குள் நுழைந்தார். குடிவந்த பிறகு அவர் அங்கே தண்ணீர் குடிக்கத் தவிர வேறு காரியத்துக்குப் போனதில்லை. அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கடைசியில் சிங்க்குக்கு அடியில் அது கிடைத்தது. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கூடை. ஒரு பக்கக் கைப்பிடி அடுப்புச் சூட்டில் உருகி, தொங்கிய காதுபோல் இருந்தது.

"இதுலயா வடிக்கிறோம்?"

"முன்னாடி எவர்சில்வர்ல இருந்துச்சு," என்றார் மனைவி, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

"அது என்ன ஆச்சு?"

"பாத்திரம்னா நாளாவட்டத்துல தேயாதா?"

"எவர்சில்வர் தேயுமா? நான் இரும்போடயே வாழ்ந்தவன். என்கிட்டயே சொல்றியா?"

மனைவி ஏற்கெனவே துடைத்த மேடையை மறுபடி துடைத்தார். அவமானம் தாங்காமல்தான் அப்படிக் குனிந்து நிற்கிறார் என்று பாலத்தார் எண்ணிக்கொண்டார். அவருடைய கோபம் இரண்டு மடங்காகியது. உருக்குப் பாலங்களுக்குச் சான்று கொடுத்த கை இது. அந்தக் கைக்குச் சொந்தமான வீட்டில் உருகிப்போன பிளாஸ்டிக். சம்பந்தியம்மா சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்பதுதான் எரிச்சலிலேயே பெரிய எரிச்சல்.

பாத்திரக்கடைக்காரர் நல்ல மனிதர். வடிகூடை கேட்டதும் ஒரு வரிசையே எடுத்து வைத்தார். பாலத்தார் முதலாவதைக் கட்டைவிரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது. இரண்டாவதை விரல் கணுவால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். தகரம் என்றார். மூன்றாவதில் கைப்பிடியைப் பற்றவைத்த இடம் புள்ளி புள்ளியாக இருந்தது.

"இதை எவன் பத்த வச்சான்? இதை நம்பி ஒரு கிலோ கிழங்கு கொட்ட முடியுமா?"

"எல்லாரும் கொட்டுறாங்களே, ஐயா."

"எல்லாரும் கொட்டுறாங்கன்னா நான் சான்று கொடுக்க முடியுமா?"

கடைக்காரர் உள்ளே போய், மற்றவற்றைவிடக் கனமான ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். அடியில் வளையம் வைத்த கூடை. இரண்டு பக்கமும் தடித்த கைப்பிடி. பாலத்தார் அழுத்தினார், தட்டினார், திருகினார். குறை தென்படவில்லை. பிறகு அதைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன்மேல் ஏறி நின்றார்.

"ஐயா, அது கீரை வடிக்கிறதுக்கு."

"கீரையைத் தாங்குறது இருக்கட்டும். முதல்ல என்னைத் தாங்கட்டும்."

தாங்கியது. அத்தோடு இறங்கியிருக்கலாம். ஆனால் பாலத்தில் பாரம் எப்போதும் நடுவிலேயே நிற்பதில்லை, ஓரத்திலும் வரும். அதனால் அவர் ஒரு காலைத் தூக்கினார். வடிகூடை ஓடுபோட்ட தரையில் வழுக்கிச் சென்றது. பிடிமானத்துக்கு அவர் பற்றியது கூரைவரை அடுக்கியிருந்த குண்டான்களை. குண்டான்கள் ஒவ்வொன்றாக, நிதானமாக விழுந்து முடித்தன; கடைசியாக ஒரு மூடி தெருவரை உருண்டுபோனது. பாலத்தாருக்கு ஒன்றும் ஆகவில்லை. வடிகூடைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதைக் கட்டுங்க," என்றார்.

வீட்டில் அதில் முதலில் பட்டாணியைக் கொட்டினார்கள். பாதிப் பட்டாணி சிங்க்குக்குள் போய்விட்டது. தகடு தடிமன் என்பதால் ஓட்டைகளையும் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

"சம்பந்தியம்மா முன்னாடி பட்டாணி இப்படி ஓடினா எப்படி இருக்கும், அத்தான்?" என்றார் தம்பி மனைவி.

எப்படி இருக்கும் என்று பாலத்தாருக்கே தெரிந்தது. மறுபடி கடைக்குப் போனார். கடைக்காரர் இன்னும் குண்டான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க, ஐயா. செருப்புக்கால் வச்சு நின்ன பாத்திரத்தைத் திருப்பி எடுக்கிறதில்ல."

நிற்பதற்குத் தகுதி இல்லாத பொருளைக் கடையில் வைப்பவர்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பாலத்தார் சொல்லிவிட்டு வெளியேறினார். அந்தக் கடையின் படி இனி ஏறுவதில்லை என்றும் முடிவு செய்தார். அந்தக் கடைக்காரருக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிட்டது. வீட்டுச் சாமான் விற்கும் கடைகளை இனி நம்புவதற்கில்லை என்று பாலத்தார், ஆலைகளின் உணவுக்கூடங்களுக்குச் சாமான் கொடுக்கும் கிடங்கு ஒன்றைத் தேடிப் போனார். அவர் திரும்பி வந்தபோது ஆட்டோ ஓட்டுநர் ஒரு கைப்பிடியையும் அவர் இன்னொரு கைப்பிடியையும் பிடித்திருந்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்கிற அளவுக்குப் பெரிய வடிகூடை. பொடிப்பொடி ஓட்டைகள். தட்டினால் கோயில் மணிபோல் ஒலித்தது.

"இதுல வடிச்சுக் கொடுக்க இன்னும் எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கீங்க?" என்றார் மனைவி.

"பெருசா இருந்தா என்ன? குறைன்னு யாராவது சொல்லட்டும் பாப்போம்."

குறையை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வடிகூடை சிங்க்கைவிட ஒரு விரல் அகலம் அதிகம். வெளியே வைத்து வடித்தால் வெந்நீர் மேடையில் ஓடும். "மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் வடிச்சுக்கலாமே," என்று தம்பி கண்ணைத் திறந்து சொன்னார். அவர் சொன்ன ஒரே யோசனை அது. நல்ல யோசனை என்று பிற்பாடு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பாலத்தார் அதைக் காதில் வாங்காமல், பழைய கருவிப்பெட்டியைத் திறந்து ரப்பர்ச் சுத்தியலை எடுத்துவந்தார்.

"இறக்குனா இறங்கும்," என்றார்.

நான்கு பக்கமும் சமமாக அடித்தார். அடிக்கத் தெரிந்தவர் அடித்த அடி. வடிகூடை கொஞ்சங்கொஞ்சமாக இறங்கி, சிங்க்குக்கென்றே வார்த்ததுபோல் பொருந்தி உட்கார்ந்தது. சிங்க் ஒரு முனகல் முனகியது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்திருந்தது. பாலத்தாரே குண்டானைத் தூக்கி, ஒரே மூச்சில் கொட்டினார்.

ஒரு கிழங்குகூட வழுக்கவில்லை. நீர் அழகாக வடிந்தது. வடிகூடை வழியாக, சிங்க் வழியாக, அடியில் கழன்று தொங்கிய குழாய் வழியாக, அலமாரிக் கதவைத் தாண்டி பாலத்தாரின் பாதங்களில் வடிந்தது.

அவர் கத்தவில்லை. இந்தக் குடும்பத்தில் கத்துவதில்லை. மேஜைமேல் ஏறி உட்கார்ந்து, குழாய்க்காரரைக் கூப்பிடச் சொன்னார். கிழங்கில் ஒட்டிய மாவைக் கழுவலாம் என்று தம்பி மனைவி இடையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட, மிச்சமிருந்த தரையும் நனைந்தது.

குழாய்க்காரர் படுத்துப் பார்த்தார், எழுந்து பார்த்தார். குழாயை மாட்ட வேண்டுமானால் சிங்க்கைத் தூக்க வேண்டும் என்றார். தூக்க வேண்டுமானால் வடிகூடையை எடுக்க வேண்டும். வடிகூடையோ வரவில்லை. அவர் இழுத்தார், தம்பியும் எழுந்துவந்து இழுத்தார். பிறகு குழாய்க்காரர் ரம்பத்தை எடுத்து வடிகூடையின் விளிம்பில் வைத்துக் கொஞ்சநேரம் அறுத்தார். நிறுத்தி, ரம்பத்தின் பல்லைத் தடவிப் பார்த்தார்.

"சார், இது அறுபடாது. என் பல்லு தேயுது. இந்த மாதிரி இரும்பை நான் பாத்ததில்ல."

பாலத்தார் மேஜைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டியா?" என்றார் மனைவியிடம்.

"அப்ப சிங்க்கைத்தான் அறுக்கணும், சார். அது லேசுத் தகடுதான்."

"அறுங்க," என்றார் பாலத்தார். அந்த நேரத்தில் அவருக்கு சிங்க் ஒரு பொருட்டாகவே இல்லை.

சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்து சேர்ந்தபோது வாசற்கதவு திறந்தே கிடந்தது. சமையலறை மேடையில் சிங்க் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. தரையில் ஒரு குட்டை. அதன் நடுவே, அறுபட்ட சிங்க்கைச் சட்டைபோல் மாட்டிக்கொண்டு, கிழங்கு நிறைந்த வடிகூடை. சம்பந்தி கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, மூலையில் இருந்த துடைப்பானை எடுத்துத் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார். சம்பந்தியம்மா வாசலிலேயே நின்றார். "உங்க பொண்ணுக்கு இன்னைக்கும் வேலை நாளாப் போச்சு. இல்லன்னா உதவிக்கு வந்திருப்பா," என்று மட்டும் சொன்னார்.

பாலத்தார் ஈரக் காலோடு எழுந்து நின்றார். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. அவர் நினைத்திருந்தது வேறு. மேஜையில் வெள்ளை விரிப்பு, நடுவில் பளபளக்கும் வடிகூடை, ஒரு வார்த்தை பேசாத வெற்றி. அது கைநழுவிவிட்டது. ஆனால் மகளைக் கொடுத்த வீட்டார் முன்னால் தலைகுனிந்து நிற்க அவரால் முடியாது. முறையை மீறி முதல்முறையாக அவர் வாயைத் திறந்தார்.

"நல்லாப் பாத்துக்குங்க, சம்பந்தியம்மா. தட்டிப் பாருங்க. ஏறி நின்னு பாருங்க. அறுக்கப் பாத்து ரம்பமே தோத்துப்போச்சு. இந்த வீட்ல ஒரு உருப்படியான வடிகூடைகூட இல்லன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது."

சம்பந்தி துடைப்பானை இன்னொருமுறை தள்ளினார்.

"யார் அப்படிச் சொன்னா?" என்றார் சம்பந்தியம்மா.

"நீங்கதானே," என்றார் தம்பி மனைவி, குரல் பாதி இறங்கி. "அன்னைக்குப் போனை வச்சுட்டு அந்தப் பக்கம் பேசினீங்களே."

சம்பந்தியம்மா திரும்பிப் பாலத்தாரின் மனைவியைப் பார்த்தார். பாலத்தாரின் மனைவி குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, எதையோ தேடுகிறவர்போல் தலையை உள்ளே விட்டார். அவ்வளவு நேரம் அவர் அதில் எதைத் தேடினார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சம்பந்தி துடைப்பானை வாளியில் பிழிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவ அப்படிச் சொல்லல, சம்பந்தி. உங்க பொண்ணைத்தான் திட்டிக்கிட்டிருந்தா, 'அம்மா வீட்லருந்து வர்றப்பல்லாம் ஒண்ணைத் தூக்கிட்டு வர்றியே, இப்ப அந்த வீட்ல ஒரு உருப்படியான வடிகூடைகூட இல்ல'ன்னு. எங்க வீட்ல உங்க வடிகூடை இப்பவே நாலு இருக்கு. தயவுசெஞ்சு இதையும் அவகிட்ட கொடுத்து அனுப்பிடாதீங்க."